ஈற்றடி கொடுப்பவர் யார்?

மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவில் சென்ற வாரம் இரு சிறுமிகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மனத்தில் ஒரு பொருளை நினைத்துக்கொள்ள, மற்றவள் ‘உயிருள்ளதா?’, ‘வீட்டில் இருக்குமா?’ என்று கேட்டுக் கேட்டு நெருங்க வேண்டும். கடைசியில் தோற்றுப்போனாள். விடை, அம்மிக்குழவி. ‘அப்படின்னா?’ என்றாள். ஆட்டம் அங்கேயே நின்றது. நினைத்தவள் இரு கைகளாலும் அரைத்துக் காட்டினாள்.

கணினிக்கு மொழி புகட்டுவோரும் இவ்வகை ஆட்டங்களை நாடுகிறார்கள். மொழி மாதிரிகள் ஏராளமான பக்கங்களைப் படித்து, அடுத்து வரும் சொல்லை ஊகிக்கப் பழகுகின்றன. அங்கே கேட்பவர் என்று ஒருவரும் இல்லை. தமிழுக்கோ, ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால், இணையத்தில் பக்கங்களும் சொற்பம். ஆகவே இரு நிரல்களை எதிரெதிரே அமர்த்திப் பேசவிட்டு, காரியம் கைகூடினால் மதிப்பெண் தரலாம் என்ற யோசனை கவர்ச்சியாகவே தோன்றுகிறது.

ஆனால் 2017இல் ஃபேஸ்புக் ஆய்வாளர்கள் புத்தகம், தொப்பி, பந்து ஆகியவற்றைப் பங்கிட்டுக்கொள்ள இரு நிரல்களைப் பேரம் பேசவிட்டபோது, அவற்றின் ஆங்கிலம் விரைவில் சிதைந்தது. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப அடுக்கின. இயந்திரங்கள் இரகசிய மொழி கண்டுவிட்டதாகப் பத்திரிகைகள் அலறின. (பத்திரிகைகள் அலறாத நாள் எது?) உண்மை சாதாரணமானது. பேரம் படிந்தால் மதிப்பெண். ஆங்கிலமாக இருக்க வேண்டும் என்று எவரும் விதிக்கவில்லை. மனிதர் பேசிய உரையாடல்களை இடையிடையே புகட்டித்தான் மொழியை நிலைநிறுத்தினார்கள்.

நம்மிடம் இதைவிடக் கடுமையான ஆட்டம் ஒன்று இருந்தது. 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் செய்குத்தம்பிப் பாவலர் சதாவதானம் செய்தார். அவதானத்தில் ஒருவர் ஈற்றடி கொடுப்பார். இன்னொருவர் முதுகில் எறியும் பூக்களை எண்ணிக்கொண்டே அவதானி வெண்பாவை முடிக்க வேண்டும். தளை தட்டினால் சபை விடாது.

தளையைச் சரிபார்க்க இன்று ‘அவலோகிதம்’ போன்ற மென்பொருள் இருக்கிறது. அப்படியானால் ஓர் இயந்திரம் ஈற்றடி தர, இன்னொன்று பாட, மூன்றாவது தீர்ப்புச் சொல்லலாமே? நான் உடன்பட மாட்டேன். தளைக்கு மட்டும் மதிப்பெண் என்றால், தளை தட்டாத வெற்றுரைகள் குவியும். (அதற்கு இயந்திரம் எதற்கு, நம்மில் சிலரே போதும்!) பொருள் இருக்கிறதா, சுவை இருக்கிறதா என்று பார்க்க அங்கே யாருமில்லை. சொல் புரியாமல் ஆட்டத்தை நிறுத்தும் சிறுமியும் இல்லை. அம்மிக்குழவிக்கு அவ்விரு இயந்திரங்களும் தமக்குள் ஏதோ ஒரு குறி வைத்துக்கொண்டு மேலே போய்விடும்.

சென்னை ஐஐடியில் 2022இல் தொடங்கிய நிலேகனி மையம் இந்திய மொழிகளுக்கான கருவிகளை உருவாக்கிவருகிறது. மயிலாப்பூரிலிருந்து அதிகத் தூரமில்லை. இத்தகைய ஆட்டங்கள் தமிழில் நடக்குமானால், யாப்பறிந்த முதியவர்களையும் இதுபோன்ற சிறுமிகளையும் அழைத்து ஓர் இருக்கையில் அமர்த்த வேண்டும். உரிய சன்மானத்தோடு. தமிழ் என்றாலே இலவச சேவை என்ற நம் வழக்கம் அங்கேயும் தொடர வேண்டாம்.