முதல் நாள் உடம்புக்கு, மறுநாள் ஊருக்கு!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் முப்பது வருஷம் ஷிப்ட் பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். வயது 61. சர்க்கரைக்கு ஆங்கில மருந்து சாப்பிடுகிறார். முழங்கால் வலிக்கு மட்டும் என்னிடம் வருவார். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் டிக்கெட் அனுப்ப, கணவனும் மனைவியும் முதல் முறையாக விமானம் ஏறினார்கள். பத்து நாள் கழித்துத் திரும்பியதும் நேராக என் வைத்தியசாலைக்கு வந்துவிட்டார்கள். அந்த அம்மாவுக்கு நீர்க்கடுப்பு.

“ஊரெல்லாம் எப்படி இருந்துச்சு?” என்று கேட்டேன்.

“ஊர் நல்லாத்தான் இருந்துச்சு டாக்டர் ஐயா. அந்த முதல் நாளை நினைச்சாத்தான்...” என்று இழுத்தார் அந்த அம்மா.

நடந்தது இதுதான். கிளம்புகிற அன்று காலை ஐந்து மணிக்கே எழுந்து, மகனுக்குப் பொடி, முறுக்கு, ஊறுகாய் என்று எல்லாம் கட்டி வைத்திருக்கிறார். மாலை காரில் ஏறி, ஜி.என்.டி. ரோடு, செங்குன்றம் வழியாக மீனம்பாக்கம். இரவு பதினொன்றரைக்கு விமானம். பொட்டுத் தூக்கம் இல்லை. சாங்கி விமான நிலையத்தில் இறங்கும்போது அந்த ஊர்க் கடிகாரத்தில் காலை ஆறரை, நம்மூர்க் கடிகாரத்தில் விடியற்காலை நாலு. இருபத்து மூன்று மணி நேரம் கண் மூடாத உடம்பு!

மகன் ஆசையாக முதல் நாள் ப்ரோக்ராம் போட்டு வைத்திருந்தான். குளித்ததும் அப்பா வழக்கம்போல சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டார். “சாமி கும்பிட்டுட்டு வந்து சாப்பிடலாம்” என்று சொன்னதும் அவரேதான். எம்.ஆர்.டி. ரயிலில் லிட்டில் இந்தியா வந்து, சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலுக்கு நடந்திருக்கிறார்கள். வரிசையில் நிற்கும்போதே அவருக்கு வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, கண் இருட்டியது. மாத்திரை வேலை செய்கிறது, வயிற்றிலோ சாப்பாடு இல்லை. சர்க்கரை இறங்கிவிட்டது. நல்ல வேளை, அம்மாவின் கைப்பையில் கற்கண்டு இருந்தது. மகன் ஓடிப்போய் ஜூஸ் வாங்கி வந்தான். கால் மணி நேரத்தில் தெளிந்துவிட்டார்.

அதற்குப் பிறகாவது வீட்டுக்குத் திரும்பினார்களா? இல்லை! மத்தியானம் கடைவீதி, சாயங்காலம் மெரினா பே. டிக்கெட் எடுத்தாகிவிட்டதாம்!

அந்த அம்மாவின் கதை வேறு. விமானத்தில் வழியோரம் உட்கார்ந்திருந்தவரை எழுப்பச் சங்கடப்பட்டு, தண்ணீரே குடிக்கவில்லை. ஊர் சுற்றும்போதும் ‘பாத்ரூம் எங்கேன்னு பையனைக் கேட்க எப்படியோ இருந்துச்சு’ என்று அடக்கிக்கொண்டே நடந்திருக்கிறார். அன்று ஆரம்பித்த கடுப்புதான் என்னிடம் வந்து நின்றது. சிறுநீர்ப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அன்று இரவெல்லாம் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

வாசகர்களே, இன்று நம் ஊர்களில் தெருவுக்கு நாலு வீட்டில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். பெற்றோர் போய் வருவது சகஜமாகிவிட்டது. அதனால் என் கருத்தைப் பளிச்சென்று சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் இறங்கிய முதல் நாள் ஊர் பார்ப்பதற்கு அல்ல. அது உடம்புக்குச் சேர வேண்டிய நாள்.

“சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம்தானே முன்னால்? இதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?” என்று கேட்பீர்கள். சிப்காட்டில் வேலை செய்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். பாஸ்போர்ட் இல்லாமலே வாரத்துக்கு ஒரு தேசம் போய் வருகிறவர்கள் அவர்கள்! நைட் ஷிப்ட் மாறிய முதல் நாள் பசி எடுக்காது, வயிறு கட்டிக்கொள்ளும், எரிச்சல் வரும். நம் உடம்புக்குள் ஓடும் கடிகாரம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் நகர்ந்து கொடுக்கும். நைட் ஷிப்ட் முடித்து வீட்டுக்கு வருகிற மனுஷனை, “வாங்க, அப்படியே திருப்பதி போய்ட்டு வந்துடலாம்” என்று யாராவது கூப்பிடுவார்களா? முதல் நாள் ப்ரோக்ராம் போடுகிற பிள்ளைகள் செய்வது அதைத்தான்.

விமானமும் உடம்பைச் சும்மா விடுவதில்லை. பறக்கும்போது உள்ளே இருக்கும் காற்றழுத்தம் ஏறக்குறைய ஊட்டி மலை உயரத்தில் இருப்பதுபோலக் குறைந்திருக்கும். அழுத்தம் குறைந்தால் குடலில் உள்ள வாயு விரியும், வயிறு உப்பும். காற்றும் மிகவும் வறண்டது. உதடு காயும், தொண்டை காயும். தூக்கமின்மை, வறட்சி, வாயு மூன்றும் சேர்ந்தால் நாங்கள் ‘வாதம் மிகுந்தது’ என்போம். பெயர் எதுவானாலும் அனுபவிக்கிறவருக்குத் தெரியும்.

சித்த மருத்துவத்தில் பதினான்கு வேகங்கள் என்று படித்திருக்கிறோம். பசி, தாகம், தூக்கம், சிறுநீர், மலம், கொட்டாவி, தும்மல் போன்றவை. இவற்றை அடக்கினால் நோய் என்பது முதல் பாடம். அந்த முதல் நாளில் நம் தம்பதி எத்தனை வேகங்களை அடக்கினார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அவர் பசியை அடக்கினார். அந்த அம்மா தாகத்தையும் சிறுநீரையும் அடக்கினார். தூக்கத்தை இருவருமே அடக்கினார்கள். இதில் சிங்கப்பூரின் தப்பு ஒன்றுமில்லை!

“அஞ்சு நாள் டூர் டாக்டர், அதில் ஒரு நாளைப் படுத்துத் தூங்கிக் கழிப்பதா? பணம் என்ன மரத்திலா காய்க்கிறது?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. நான் படுத்துத் தூங்கச் சொல்லவில்லை. தேரையர் சொன்ன நோயணுகா விதியில் பகல் தூக்கமே கூடாது. முதல் நாள் பகல் முழுக்கத் தூங்கினால் இரவு கொட்டக்கொட்ட விழித்திருப்பீர்கள். இரண்டாம் நாளும் போய்விடும். கண்ணைச் சொக்கினால் அரை மணி நேரம் சாய்ந்துகொள்ளுங்கள், போதும். பிறகு எழுந்து வெளிச்சத்தில் கொஞ்சம் நடங்கள். உடம்புக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது சூரியன்தான்.

நடப்பது வீட்டைச் சுற்றி மட்டும். அதுவும் ஊர் பார்ப்பதுதான்! நாலு விஷயம் கண்டுபிடித்தால் போதும். தண்ணீர் எங்கே, கழிப்பறை எங்கே, மருந்துக்கடை எங்கே, திரும்பி வரும் வழி எது? சிங்கப்பூர் அடுக்குமாடி வீடுகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுபோல இருக்கும். பிளாக் நம்பரையும் மகனின் போன் நம்பரையும் ஒரு சீட்டில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸுக்கு அங்கே 995. குழாய்த் தண்ணீரைத் தயங்காமல் குடிக்கலாம். தமிழ் அங்கே நாலு ஆட்சிமொழிகளில் ஒன்று. விமான நிலையத்திலேயே தமிழ்ப் பலகை இருக்கும், பயப்பட வேண்டாம்.

சாப்பாடு நேரத்துக்கு, கொஞ்சமாக, பழக்கமானதாக இருக்கட்டும். இட்லி, ரசம் சாதம், மோர். புது ஊர்ப் பலகாரங்களை இரண்டாம் நாள் ருசி பாருங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஒரு சூட்சுமம் சொல்கிறேன். அங்கே கடையில் ‘கோப்பி’, ‘தே’ என்று சும்மா கேட்டால் இனிப்பான கட்டிப்பால் ஊற்றித் தருவார்கள். ‘கோப்பி ஓ கோசோங்’ என்று கேளுங்கள். பாலும் சர்க்கரையும் இல்லாமல் வரும். கோசோங் என்றால் மலாயில் ‘காலி’.

இனி மருந்து விஷயம். சாப்பாட்டோடு எடுக்கச் சொன்ன சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ, சாப்பாடு கண்ணெதிரே இருந்தால்தான் எடுக்க வேண்டும். கோயிலுக்குப் போய்விட்டு வந்து சாப்பிடுவதாக இருந்தால் மாத்திரையும் வந்த பிறகுதான். சாமி கோபித்துக்கொள்ள மாட்டார்! நேரம் மாறும் ஊருக்குப் போகும் முன் உங்கள் டாக்டரிடம், எந்த மாத்திரை எத்தனை மணிக்கு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இன்சுலினைப் பெட்டியில் போட்டு அனுப்பாதீர்கள். சரக்கு அறைக் குளிரில் உறைந்தால் கெட்டுவிடும். கைப்பையில், மருந்துச் சீட்டோடு இருக்கட்டும்.

சித்த வைத்தியனான நானே இன்னொன்றும் சொல்கிறேன். பேர் எழுதாத பொட்டலத்தில் சூரணம், லேகியம், பற்பம், செந்தூரம் என்று கட்டிக்கொண்டு போகாதீர்கள். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு சட்டம் உண்டு. குருமாவில் அரைத்து ஊற்றுகிற கசகசாவையே துபாய்க்குக் கொண்டு போகக் கூடாது. சிங்கப்பூரிலும் கட்டுப்பாடு உண்டு. நம் சமையலறைச் சாமான்தானே என்று நினைத்தால் வம்பு.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் அம்மாவும் அப்பாவும் ‘களைப்பா இருக்கு’ என்று உங்களிடம் சொல்ல மாட்டார்கள். நீங்கள் லீவு போட்டு, காசு செலவழித்துக் கூட்டிப் போகிறீர்கள். வேண்டாம் என்றால் உங்கள் முகம் வாடிவிடுமே என்று வாயை மூடிக்கொண்டு நடப்பார்கள். அந்த அம்மா என்னிடம் சொன்னது இதைத்தான்: “அவன் ஆசையா கூட்டிட்டுப் போறான். வேணாம்னு எப்படி டாக்டர் ஐயா சொல்றது?” ஆகவே அவர்கள் சொல்லும்வரை காத்திருக்காதீர்கள். முதல் நாள் டிக்கெட் எதுவும் எடுக்காதீர்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை, “அம்மா, பாத்ரூம் போகணுமா? தண்ணி குடிச்சியா?” என்று நீங்களாகவே கேளுங்கள்.

தாய்மார்களே, உங்களுக்கும் ஒன்று. சாப்பாடு, தண்ணீர், கழிப்பறை கேட்பதில் வெட்கம் எதற்கு? பக்கத்துச் சீட்டுக்காரரை எழுப்பினால் அவருக்கு ஒரு நிமிஷம் தூக்கம் கெடும். எழுப்பாவிட்டால் உங்களுக்குப் பத்து நாள் கெடும்.

அந்தத் தம்பதி மறுபடியும் போகப்போகிறார்கள், மருமகளுக்குப் பிரசவம். போன வாரம் வந்து சொன்னார்கள். “இந்தத் தடவை முதல் நாள் வீட்டை விட்டு நகர மாட்டேன்” என்றார் அவர். “கீழே இறங்கி அரை மணி நேரம் நடந்துட்டு வாங்க” என்றேன். அந்த அம்மா சிரித்தார்: “நான் முதல்ல பாத்ரூம் எங்கேன்னு பார்த்து வச்சுக்கிறேன் டாக்டர் ஐயா!”

ஊர் எங்கேயும் ஓடிவிடாது. நாளைக்கும் அங்கேயேதான் இருக்கும்.