உயிர் காக்கும் பணிக்கு உயரும் வழி

சிங்கப்பூரில் 995 என்ற எண்ணை அழைத்தால் குடிமைத் தற்காப்புப் படையின் அவசர மருத்துவ வாகனம் விரைந்து வருகிறது. அதில் வருவோரை, நோயாளியைத் தூக்கிச் செல்பவர்கள் என்று மட்டுமே பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் தவறானது. இதயத் துடிப்பு நின்றுவிட்டால் சில நிமிடங்களிலேயே மூளை பாதிப்படையத் தொடங்கும். மருத்துவமனையை அடையும்வரை நோயாளியின் உயிர் அவ்வூழியர்களின் கைகளில்தான் இருக்கிறது. இதய இயக்க மீட்புச் சிகிச்சை அளிப்பது, மூச்சுப் பாதையைச் சீராக்குவது, இரத்தப்போக்கை நிறுத்துவது ஆகியவற்றை ஓடும் வாகனத்திலும் அவர்கள் செய்ய வேண்டியுள்ளது.

இத்திறன்களை ஒருமுறை கற்றால் மட்டும் போதாது. சித்திரமும் கைப்பழக்கம் அல்லவா? மேலும், சிகிச்சை முறைகளும் கருவிகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஆகவே, பணியில் சேர்ந்த பிறகும் பயிற்சி தொடர வேண்டும். அதனைப் பணி நேரத்திலேயே வழங்குவதுதான் முறை. இரவு முழுவதும் உழைத்துக் களைத்தவரை ஓய்வு நேரத்தில் படிக்கச் சொல்வது நியாயமாகாது.

“அனுபவம் இருக்கும்போது பட்டம் எதற்கு?” என்று சிலர் கேட்கலாம். அனுபவம் கையைப் பழக்கும். கல்வியோ ஒன்றை ஏன் செய்கிறோம் என்பதை விளக்கும். இரண்டும் தேவை. பிரிட்டனில் துணை மருத்துவருக்கான கல்வி 2021ஆம் ஆண்டில் பட்டப்படிப்பு நிலைக்கு உயர்த்தப்பட்டது. எனினும், உதவியாளராகச் சேர்ந்தவர் ஊதியம் பெற்றுக்கொண்டே படித்துத் துணை மருத்துவராகவும் அங்கு வழி உண்டு. படிப்பின் தரத்தை உயர்த்தும்போது, கீழ்நிலையில் இருப்பவருக்குக் கதவை அடைத்துவிடக் கூடாது என்பதே இதிலிருந்து அறிய வேண்டிய பாடம்.

பதவி உயர்வு என்றால் அலுவலக மேசைக்குச் செல்வது என்ற நிலையும் மாற வேண்டும். கைதேர்ந்தவர்கள் எல்லாரும் வாகனத்தை விட்டு இறங்கிவிட்டால், நோயாளிகளுக்குத்தான் இழப்பு. நோயாளியின் அருகிலேயே இருந்துகொண்டு உயர்ந்த பொறுப்பையும் ஊதியத்தையும் பெறவும், இளையோருக்குப் பயிற்சி அளிக்கவும் வாய்ப்பு இருக்க வேண்டும்.

சிறுநீரகச் சுத்திகரிப்புக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் முதியோரை அழைத்துச் செல்லும் ஊழியர்களையும் மறந்துவிடக் கூடாது. சிங்கப்பூரில் மூத்தோர் எண்ணிக்கை பெருகிவருவதால் அவர்களது சேவையும் கூடுதலாகத் தேவைப்படும். முன்னேற வழியில்லாத வேலையில் திறமையானவர்கள் நெடுநாள் நிலைப்பதில்லை. எனவே, இவ்வூழியர்களின் பயிற்சிக்குச் செலவிடும் பணம் ஊழியர்களுக்கு அளிக்கும் சலுகை அன்று. என்றோ ஒருநாள் அவ்வாகனத்தில் செல்லவிருக்கும் ஒவ்வொருவருக்குமான பாதுகாப்பு ஆகும்.