மரமுஞ் சட்டமும்

நெல்லியடி, வேம்படி, நாவற்குழி என மரத்தாற் பெயர்பெற்ற இடங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டிலே பல. பெயரைக் காத்த நாம் மரத்தைக் காத்திலேம். இதற்குச் சட்டம் இல்லையோ எனின், உண்டு. அது பார்க்கும் பார்வைதான் வேறு.

1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரந்தறித்தற் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பலா, ஈரப்பலா, பெண்பனை என்பவற்றை அனுமதியின்றித் தறித்தலாகாது. பெண்பனை என்று பால்பிரித்துக் கூறியதைக் கவனிக்க. அஃறிணையிலே ஆண்பால் பெண்பால் இல்லையென்பது நம் இலக்கண நூலார் துணிபு. சட்ட நூலார்க்கோ உண்டு! காரணம் வெளிப்படை. நுங்கும் பழமும், அப்பழத்தின் கொட்டையிலிருந்து கிழங்கும் தருவது பெண்பனை. பலாவும் ஈரப்பலாவும் பசி தீர்ப்பன. ஆகவே அச்சட்டம் காப்பது உணவை. நன்றே. போர்க்காலத்திற் பதுங்குகுழிகளுக்கெனப் பனைகள் தோப்புத்தோப்பாக வீழ்த்தப்பட்டமையை அறிந்தவர் எவரும் அக்காவலைச் சிறிதென்னார்.

ஆயின், நிழலன்றி வேறொன்றுந் தாராத ஆலின் நிலை யாது? தெருவை அகலமாக்க வருவோர்க்கு அது வெறுந் தடை. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம், பழமைவாய்ந்த மரமொன்றையும் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாகப் பிரகடனஞ் செய்ய இடந்தருகின்றது. அதற்கு வர்த்தமானி வேண்டும்; கோடரிக்கு ஒரு காலைப்பொழுது போதும். நெடுந்தீவிலே அராபிய வணிகர் கொணர்ந்தனரெனப்படும் பெருக்கமரத்தைக் காண வள்ளமேறிச் செல்கின்றோம். நம் சந்தியிலே நிற்கும் மருதை அண்ணாந்தும் பார்ப்பதில்லை. பகைவரின் காவன்மரத்தை வெட்டுதலைப் போர்ச்செயலாகவே கருதிய மரபினர் நாம்.

நான் வேண்டுவது ஊரளவிலான சட்டமே. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம், சபைகளுக்கு உபவிதி இயற்றும் அதிகாரம் அளித்துள்ளது. ஒவ்வொரு சபையும் தன் எல்லையிலுள்ள முதுமரங்களுக்கு இடாப்பொன்று வைக்கட்டும். அவற்றைத் தறிக்குமுன் ஊரார்க்கு அறிவித்தல் ஒட்டட்டும். மரத்தின் இனத்தை நோக்காது, குறித்த அந்த ஒரு மரத்தையே நோக்கும் விதி அது. இங்கிலாந்திலே தனியார் நிலத்து மரத்தையும் ஊராட்சி மன்றமே ஆணையிட்டுக் காக்கும் முறை நெடுங்காலமாக உண்டு.

‘என் வளவு மரத்துக்குச் சபை யார்?’ என்பர் சிலர். அவ்வினா நேரியதே. தண்டம் ஒன்றையே காட்டின், இடாப்பு எழுத வருமுன்னரே மரம் விழுந்துவிடும். முதுமரம் நிற்கும் வளவுக்கு ஆதனவரியிற் குறைத்துக் கொடுத்தலே தக்கது. பட்டுப்போன கிளையை வெட்டும் செலவையுஞ் சபையே ஏற்கவேண்டும்.

இடாப்புக்குப் பெருஞ்செலவில்லை. அளவுநாடாவும் கொப்பியும் எடுத்துக்கொண்டு, மரத்தின் நெஞ்சளவு உயரத்திற் சுற்றளவு குறித்து, அதனடியில் வாழும் முதியோரைக் கேட்டு எழுதும் வேலையை எம் மாணாக்கர் ஒரு பள்ளி விடுமுறைக்குட் செய்துமுடிப்பர்.