உரம் போடாமலே பயிர் வளருமா? கடல் பாசிக்குள் சிக்கிய ‘நைட்ரோபிளாஸ்ட்’... முழு விளக்கம்!

காற்றில் சுமார் 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஆனாலும் வயலுக்கு யூரியா மூட்டை வாங்கியே ஆகணும். காரணம், காற்றில் உள்ள நைட்ரஜனைப் பயிர்களால் நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் ஒரு கடல் பாசியின் செல்லுக்குள் அந்த வேலைக்கென்றே தனி உறுப்பு இருப்பதாக, 2024 ஏப்ரலில் ‘சயின்ஸ்’ இதழில் ஆய்வு வெளியானது. அதன் பெயர்தான் நைட்ரோபிளாஸ்ட்.

செல்லுக்குள் உறுப்பு எப்படி வந்தது?

நம் செல்களுக்கு சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா, ஒரு காலத்தில் தனியாகத் திரிந்த பாக்டீரியா. 100 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு வேறொரு செல்லுக்குள் புகுந்து, அங்கேயே தங்கிவிட்டது. அதற்கு இன்றும் தனி டிஎன்ஏ உண்டு. செடிகளில் உள்ள பசுங்கணிகமும் இப்படி வந்ததுதான். அமெரிக்க விஞ்ஞானி லின் மார்குலிஸ் 1967-ல் இதை எழுதியபோது பலரும் ஏற்கவில்லை. பிறகு டிஎன்ஏ ஆதாரங்கள் அவர் பக்கம் நின்றன.

விருந்தாளியா, உறுப்பா?

1998-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஜொனாதன் ஸேர், பசிபிக் கடல் நீரில் புதுவகை பாக்டீரியாவின் டிஎன்ஏ-வைக் கண்டார். அது பாசிக்குள் வாழ்வது பின்னர் தெரிந்தது. ஜப்பானின் கியோகோ ஹகினோ பல ஆண்டுகள் போராடி அந்தப் பாசியை ஆய்வகத்தில் வளர்த்தார். அதன் பிறகுதான் விடை கிடைத்தது.

• பாசி செல் பிரியும்போது, இந்த பாக்டீரியாவும் மற்ற உறுப்புகளோடு வரிசைப்படி பிரிகிறது.

• தனக்குத் தேவையான பல புரதங்களை அது தயாரிப்பதில்லை. பாசிதான் செய்து அனுப்புகிறது. பார்சலில் அட்ரஸ் ஒட்டுவது மாதிரி, அந்தப் புரதங்களில் ஓர் அடையாளமும் இருக்கிறது.

அதாவது, தனியாகப் பிழைக்கும் திறனையே அது இழந்துவிட்டது. விருந்தாளி உறுப்பாக மாறியதற்கு இதுதான் முக்கிய ஆதாரம்.

விவசாயத்துக்கு என்ன லாபம்?

உளுந்து, கடலை போன்ற பயிர்களின் வேர் முடிச்சில் பாக்டீரியா நைட்ரஜனைப் பிடித்துத் தருகிறது. நெல், கோதுமைக்கு அந்த வசதி இல்லை. அவற்றுக்கான யூரியாவைத் தயாரிக்க இயற்கை எரிவாயுவும் கடும் வெப்பமும் அழுத்தமும் தேவை. பயிர் செல்லுக்குள்ளேயே நைட்ரோபிளாஸ்ட் இருந்தால் உரச் செலவு குறையும்.

ஆனால் இது நாளைக்கே நடக்காது. நைட்ரஜனைப் பிடிக்கும் நொதி, ஆக்சிஜன் பட்டால் செயலிழந்துவிடும். பயிர் செல்களோ பகலெல்லாம் ஆக்சிஜனை வெளியிடுபவை. பாசியும் பாக்டீரியாவும் ஒன்றுக்கொன்று பழகவே சுமார் 10 கோடி ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. அதை ஆய்வகத்தில் சில ஆண்டுகளில் செய்ய முடியுமா என்பதுதான் இப்போதைய கேள்வி.