இருதய சிகிச்சைக்கு முன் ஒரு துளி இரத்தம்

இருதயத் தமனியின் அடைப்பை நீக்கி, அதனுள் ஸ்டென்ட் எனப்படும் உலோக வலைக்குழலைப் பொருத்தும் சிகிச்சை இன்று மும்பையில் சாதாரணமாக நடைபெறுகிறது. ஆனால் பாதை திறந்தால் மட்டும் போதாது. அதன் வழியே ஓடும் இரத்தம் பிராணவாயுவைப் போதிய அளவு சுமந்து செல்லவும் வேண்டும். இரத்த சோகையுள்ளவர்களிடம் அச்சக்தி குன்றியிருக்கிறது. (‘இரத்தக் குறைவு’ என்னும் வழக்கு மொழிபெயர்ப்பாளனாகிய எனக்கு உவப்பானதன்று, குறைவது இரத்தத்தின் அளவன்று, ஹீமோகுளோபினே.) இக்குறையை ஈடுசெய்ய இருதயம் வேகமாகத் துடிக்கிறது, அதனால் அதன் சொந்தத் தேவையும் பெருகுகிறது.

வேறோர் அபாயமும் உண்டு. ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர் அதனுள் இரத்தம் உறையாதிருக்கும்பொருட்டுப் பல மாதங்கள் இருவகை மருந்துகளை உட்கொள்ள நேரிடுகிறது. குடற்புண்ணிலிருந்து சிறுகச் சிறுகக் கசிந்துவந்த இரத்தம் அப்போது பெருக்கெடுக்கக்கூடும். ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 11 கிராமுக்குக் குறைவாயிருத்தலை இவ்வபாயத்தின் முக்கிய அறிகுறிகளுள் ஒன்றாக 2019-இல் சர்வதேச நிபுணர் குழு வகுத்தது.

இரத்தம் ஏற்றிவிட்டால் தீராதோ எனலாம். மாரடைப்புடன் சோகையுமுள்ள சுமார் 3,500 பேரிடம் நடத்தப்பெற்று 2023-இல் வெளியான ‘மின்ட்’ ஆராய்ச்சியில், தாராளமாக இரத்தம் ஏற்றப்பட்டோரில் 14.5 சதவீதத்தினரும், சிக்கனமாக ஏற்றப்பட்டோரில் 16.9 சதவீதத்தினரும் 30 நாட்களுக்குள் இறந்தனர் அல்லது மீண்டும் மாரடைப்புற்றனர். இவ்வேறுபாடு தற்செயலானதன்று என்று உறுதிகூறப் புள்ளியியல் இடந்தரவில்லை. கடைசி நேரப் பரிகாரத்தை நம்பியிராமல் முன்னதாகவே கண்டறிவதே மேல் என்பது என் கருத்து.

இங்கேதான் நம் ஏற்பாட்டில் ஓர் இடைவெளி காணப்படுகிறது. 2018-இல் தொடங்கிய ‘அனீமியா முக்த பாரத்’ திட்டம் குழந்தைகளையும், வளரிளம் பருவத்தினரையும், மகப்பேற்று வயதுப் பெண்களையும் கருதி வகுக்கப்பட்டது. அது தக்கதே, 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் 15 முதல் 49 வயதுப் பெண்களுள் 57 சதவீதத்தினருக்குச் சோகை இருந்தது. ஆயினும் ஆண்களிலும் நால்வரில் ஒருவருக்கு இருந்தது. தாராவியில் தையல் தொழில் செய்யும் 55 வயதினரும், செம்பூரில் பேரனை வளர்க்கும் பாட்டியும் அத்திட்டத்தின் பட்டியலில் இல்லை. மாரடைப்புக்கு இலக்காவோரோ பெரும்பாலும் இவ்வயதினரே.

முப்பது வயதைக் கடந்தோருக்கு இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பரிசோதிக்கும் ஏற்பாடு ஏற்கெனவே உண்டு. சர்க்கரைக்காக விரலில் குத்தும்போதே மற்றொரு துளியில் ஹீமோகுளோபினையும் பார்த்துவிடலாம்.

குறைவு தெரிந்தவுடன் இரும்பு மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிடுவதும் முறையன்று. 1928-இல் பம்பாய்க்கு வந்த டாக்டர் லூசி வில்ஸ், அங்கு கருவுற்ற ஆலைத் தொழிலாளப் பெண்களிடம் கண்ட ஒருவகைச் சோகை ஈஸ்ட் சாரத்தால் நீங்குவதை 1931-இல் வெளியிட்டார். இரும்பன்று, பின்னாளில் ஃபோலிக் அமிலம் எனப் பெயர்பெற்ற சத்தே அவர்களுக்குக் குறைந்திருந்தது. முதியோரிடமோ மறைவான இரத்தக் கசிவு காரணமாயிருக்கக்கூடும். ஆகவே மலம் கறுத்துப் போகிறதா என்று கேட்டு, அவர்களை மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும். இரும்பு மாத்திரையாலும் மலம் கறுக்குமாதலால், இக்கேள்வியை மாத்திரை தொடங்குமுன்னரே கேட்பது நலம். மாணவருக்கு மாத்திரை வழங்கும் ஆசிரியர்களும் பெற்றோர் கூட்டத்தில் வீட்டுப் பெரியவர்களைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்கலாம்.