கோப்புக்குக் கடல் காத்திராது!

26.12.2004 ஞாயிறு காலை ஆறரை மணியளவில் சுமத்திராவையொட்டிக் கடலடி நிலம் அதிர்ந்தது. ஆழிப்பேரலை நம் கரையேற இரண்டு மணிநேரத்துக்கு மேலாயிற்று. அவ்விடைவெளியில் தில்லி விழித்ததா? வானிலைத் துறை காலந்தாழ்த்தி விடுத்த தொலைநகலும் பொறுப்பிழந்த பழைய அமைச்சரிடம் போய்ச் சேர்ந்தது! நெருக்கடிக் குழு நண்பகல் கடந்தே கூடியது. அதற்குள் நாகைக் கரை பிணக்காடாகிவிட்டது.

அதே காலை, புதுவையை அடுத்த நல்லவாட்டை நோக்குக! சிங்கப்பூரிலிருந்த அவ்வூர் இளைஞர் தொலைபேசியில் தம் வீட்டாரை எச்சரித்தார். ஊர் ஒலிபெருக்கி அதனைத் தமிழில் முழங்கிற்று. எவர் ஆணைக்கும் காத்திராமல் மக்கள் ஓடி உயிர் பிழைத்தனர்.

2005இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. 2007இல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை நடுவம் எழுந்தது. நன்றே. ஆயினும் 2017இல் ஒக்கிப் புயல் சுழன்றடித்தபோது, முன்னரே ஆழ்கடல் சென்றிருந்த குமரி மீனவர்க்கு எச்சரிக்கை எட்டவில்லையே! சட்டமும் நடுவமும் தலைநகரங்களில் இருந்தென்ன? கரையூர்தோறும் ஒலிபெருக்கியும், படகுதோறும் தொலைத்தொடர்புக் கருவியும், தமிழில் உடனே எச்சரிக்கும் உரிமையும் மீனவர் கையில் இருத்தல் வேண்டும். அதனைக் கேட்டுப் பெறுவோம். இரங்கல் தீர்மானங்கள் இனிப் போதும்!