நடைபாதை யாருக்கு?



மலேசியப் பார்வையற்றோர் சங்கம் கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில்தான் இயங்குகின்றது. வெண்கோல் ஊன்றி நடப்போர் தடவி உணர்வதற்காகவே அங்குள்ள நடைபாதைகளில் மஞ்சள் ஓடுகள் பதிக்கப்பட்டுள்ளன. 2010-இல் லிட்டில் இந்தியாவாகத் திறப்பு விழாக் கண்ட அவ்விடத்திற்குப் பொருள் வாங்கச் செல்லும் நாம், அந்த ஓடுகளின்மீதே மோட்டார் சைக்கிளை நிறுத்துகின்றோம். 'ஐந்து நிமிடந்தானே' என்கின்றோம்.

சென்ற வாரம் ஒருவரின் வெண்கோல் அவ்வாறு நிறுத்திய மோட்டார் சைக்கிளின் சக்கரத்தில் சிக்கியதைக் கண்டேன். வண்டியில் பள்ளிப் புத்தகப்பை ஒன்று தொங்கியது. அவரோ, வாகனங்கள் விரையும் சாலையில் இறங்கி நடந்தார்.

வகுப்பில் நன்னெறிக்கல்வி போதிக்கின்றோம். வீதியில் அதனை நாமே அழிக்கின்றோம். மாநகர் மன்றத்தைப் பிறகு குறைகூறலாம். முதலில், வண்டியைத் தொலைவில் முறையாக நிறுத்திவிட்டுப் பிள்ளையின் கைபிடித்து நடப்போம். அதுவும் பாடமே!